துரை மேசையிலிருந்து வந்த தட்டு: சிக்கன் சாப் பிறந்த கதை

ஈப்போவில் புதிதாக எழும் கடைவீட்டு வரிசைகளில் கிரில் உணவகம் இப்போது சகஜமாகிவிட்டது. கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய கூடம், தணிந்த விளக்கு, உள்ளே கனன்றுகொண்டிருக்கும் கரியடுப்பு. இரும்புத் தட்டில் இறைச்சி சீறிக்கொண்டே மேசைக்கு வரும். உணவுப் பட்டியலின் முதல் பக்கத்தில் ஆஸ்திரேலிய மாட்டிறைச்சியும் நியூசிலாந்து ஆட்டிறைச்சியும் சால்மன் மீனும் படத்தோடு நிற்கும். மகன் பட்டம் வாங்கியதற்கோ, மகளின் பிறந்தநாளுக்கோ, முதல் சம்பளத்தைக் கொண்டாடவோ குடும்பத்தோடு வந்து அமரும் நம் தமிழர்கள் அந்தப் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கடைசியில் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: சிக்கன் சாப்.

எலும்பு நீக்கிய கோழிக்கால். அதன்மேல் கறுமிளகுக் குழம்போ காளான் குழம்போ. பக்கத்தில் வறுத்த உருளைக்கிழங்கும் கோல்ஸ்லாவும். 'வெஸ்டர்ன்' சாப்பாடு என்று பெயர் வைத்திருக்கிறோம். வெள்ளைக்காரன் விட்டுப்போன சாப்பாடு என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஆங்கிலேயரின் சமையலில் சாப் என்பது எலும்போடு வெட்டிய ஆட்டுத்துண்டு, இல்லாவிட்டால் பன்றித்துண்டு. கோழிக்காலின் எலும்பை எடுத்து, பரப்பித் தட்டி, பொரித்து, சோயா கலந்த பழுப்புக் குழம்பை மேலே ஊற்றும் வழக்கம் அவர்களிடம் கிடையாது.

அது மலாயாவில் பிறந்தது. அதைப் பிறப்பித்தவர்கள் ஹைனான் தீவிலிருந்து வந்த சமையற்காரர்கள். அது பிறப்பதற்கான மேசையைப் போட்டது ரப்பர் பணமும் ஈயப் பணமும். அந்த ரப்பர் பணத்தை மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இறக்கித் தந்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார். அதனால் இந்தத் தட்டின் கதையில் நமக்கும் உரிமை உண்டு.

துரைமார் மேசை

1877இல் சிங்கப்பூரிலிருந்து ஒன்பது ரப்பர் கன்றுகள் பேராக்கின் கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தன. அப்போது பேராக்கின் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ அவற்றை நட்டு வளர்த்தார். அந்த முதல் தலைமுறையின் மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. அடுத்த கால் நூற்றாண்டு அந்தக் கன்றுகளால் பெரிய பலன் ஏதுமில்லை. பிறகு மோட்டார் வாகனம் வந்தது, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. காடுகள் அழிந்து வரிசை வரிசையாகக் கித்தா மரங்கள் எழுந்தன. சுங்கை சிப்புட், கோலகங்சார், தைப்பிங், பத்து காஜா, தாப்பா, தெலுக் இந்தான் என்று பேராக்கின் ஊர்களைச் சுற்றி எங்கும் தோட்டங்கள். கிந்தா பள்ளத்தாக்கில் அதற்கு முன்பே ஈயச் சுரங்கங்கள் பெருகியிருந்தன. இந்த இரண்டின் பணமும் வந்து குவிந்த ஊர் ஈப்போ.

பணம் பெருகிய இடத்தில் துரைமாரும் பெருகினார்கள். 1895இல் ஈப்போ கிளப் தொடங்கியது. பாடாங் திடலின் ஓரத்தில் அவர்கள் கூடினார்கள், விளையாடினார்கள், குடித்தார்கள், உண்டார்கள். தோட்டத்தில் இருக்கும் துரைக்கு மேட்டின்மேல் பங்களா. முதல் ஒப்பந்தக் காலம் முடியும்வரை உதவித் துரை கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது என்பது பல கம்பெனிகளின் விதி. இருபது வயது கடந்த தனியாள் ஒருவன், சமைக்கத் தெரியாதவன், நகரத்திலிருந்து பல மைல் தள்ளிக் காட்டுக்குள் இருக்கிறான். அவன் சாப்பாடு முழுக்க முழுக்கச் சமையற்காரர் கையில்தான் இருந்தது.

பொருள்களுக்கும் தட்டுப்பாடு. உறைய வைத்த ஆஸ்திரேலிய இறைச்சியை இறக்குமதி செய்ய 1903இல் சிங்கப்பூரில் கோல்டு ஸ்டோரேஜ் கம்பெனி தொடங்கியது உண்மைதான். ஆனால் உட்புறத் தோட்டத்து பங்களாவில் பனிக்கட்டிப் பெட்டியை நம்பி ஆட்டுத்தொடையை வைத்திருக்க முடியாது. வெண்ணெய் டப்பாவில் வந்தது, பட்டாணி டப்பாவில் வந்தது, பிஸ்கட் டப்பாவில் வந்தது. என்றைக்கும் உயிரோடு கையெட்டும் தூரத்தில் இருந்த இறைச்சி ஒன்றுதான், பின்கட்டில் மேய்ந்த கோழி. துரை கேட்டது ஊர்ப் பழக்கத்து ஆட்டுச்சாப். சமையற்காரரிடம் இருந்ததோ கோழி. இந்த இடைவெளியில்தான் நம் கதை தொடங்குகிறது.

பின்கட்டில் இருந்தவர்கள்

மலாயாவுக்கு வந்த சீனர்களில் ஹைனானியர் பிந்தி வந்தவர்கள். அவர்கள் வந்து இறங்கும்போது வணிகத்தில் ஹொக்கியன் மக்கள் காலூன்றியிருந்தார்கள். சுரங்கத்திலும் கைத்தொழில்களிலும் கந்தோனியரும் ஹக்காவினரும் இடம்பிடித்திருந்தார்கள். எஞ்சியிருந்தது வீட்டுவேலை, கப்பல் சமையல், கிளப், விடுதி. பெண்கள் தீவைவிட்டு வெளியேறுவதை ஹைனான் சமூகம் 1920கள் நெருங்கும்வரை அனுமதிக்கவில்லை. அதனால் வந்தவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். முதலாளி வீட்டிலேயே தங்கி இரவு பகலாக வேலை செய்ய அவர்களால் முடிந்தது. ஆங்கிலேயக் குடும்பங்களுக்கும் அதுவே தேவைப்பட்டது. ஒருவர் நிலைத்ததும் தம்பியையும் ஊர்க்காரரையும் வரவழைத்து அதே வேலையில் சேர்த்துவிட்டார். இப்படி ஒரு தலைமுறைக்குள் மலாயாவின் வெள்ளைக்காரச் சமையற்கட்டுகள் ஹைனானியர் கைக்கு வந்தன. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலில் 1915 வாக்கில் 'சிங்கப்பூர் ஸ்லிங்' என்ற புகழ்பெற்ற பானத்தைக் கலந்து தந்தவராகச் சொல்லப்படும் ஙியாம் தொங் பூன் கூட ஹைனானியர்தான்.

துரைசானி வாயால் சொல்வாள். சமையற்காரர் காதால் கேட்டு, கையால் செய்து, நாக்கால் திருத்துவார். அவர் அந்தச் சமையலை இங்கிலாந்தில் பார்த்ததில்லை. தாம் அறிந்த சீனச் சமையலின் வழியாகவே அதைப் புரிந்துகொண்டார். புதிய உணவு பிறந்தது அந்தப் புரிதலில்தான்.

அந்தத் தட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஆங்கிலேயரின் பழுப்புக் குழம்பு என்பது இறைச்சி வெந்த கொழுப்பில் மாவை வறுத்து, எலும்புச்சாறு விட்டுக் கெட்டியாக்குவது. ஹைனான் சமையற்காரர் அதில் சோயாவை ஊற்றினார். நிறமும் உப்பும் ஒரே கையில் கிடைத்தன. கெட்டிப்படுத்தச் சோளமாவைக் கரைத்து விட்டார். அதனால் குழம்புக்கு ஒரு பளபளப்பு வந்தது. ரொட்டித்தூள் வேண்டிய இடத்தில் கிரீம் கிராக்கர் பிஸ்கட்டை நொறுக்கி இறைச்சியில் அப்பினார். ஈரக்காற்று வீசும் ஊரில் ரொட்டி சீக்கிரம் பூத்துவிடும், டப்பா பிஸ்கட் அப்படி ஆகாது. பெரிய வெங்காயத்தை வட்டமாக அரிந்து வதக்கிக் குழம்பில் போட்டார். டப்பாப் பட்டாணியைச் சேர்த்தார். உருளைக்கிழங்கைத் தடித்த துண்டுகளாக வெட்டிப் பொரித்து அடுக்கினார்.

குழம்பை இறக்கும் முன் வூஸ்டர் சாஸ் சில சொட்டு. 1837 முதல் லீ அண்ட் பெரின்ஸ் கம்பெனி விற்றுவரும் அந்தக் கறுப்புக் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் நமக்கு வியப்பாக இருக்கும். வினிகர், வெல்லப்பாகு, நெத்திலி, புளி. இந்தியாவோடு ஆங்கிலேயருக்கு ஏற்பட்ட உறவின் சுவடு அதில் இருக்கிறது. துரையின் மேசைமேல் கம்பீரமாக நின்ற குப்பியில் இருந்த புளிதான், கீழே தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டில் நம் பாட்டி கரைத்து ஊற்றிய குழம்பிலும் இருந்தது. சிக்கன் சாப்பின் குழம்பு தமிழ் நாக்குக்கு உடனே பிடித்துப்போனதற்கு இந்தப் புளிப்பும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பங்களாவிலிருந்து கடைத்தெருவுக்கு

இந்தச் சமையல் பங்களாவுக்குள்ளேயே இருந்திருந்தால் துரைமாரோடு கப்பலேறிப் போயிருக்கும். அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களும் ஹைனானியரே.

ஈப்போவில் பாடாங்குக்கு எதிரே நிற்கும் எஃப்.எம்.எஸ். பார் உணவகம் 1906இல் தொடங்கியது. அப்போது பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் சேர்ந்த கூட்டு மலாய் மாநிலங்கள் என்ற ஆட்சியமைப்பின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம்தான் கடையின் பெயர். தோட்டத்துத் துரைமாரும் சுரங்கத்துத் துரைமாரும் நகரத்துக்கு வந்தால் இளைப்பாறிய இடம் அது. இடையில் ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்து, புதுப்பிக்கப்பட்டு, மறுபடி கதவு திறந்தது. கோலாலம்பூரில் 1921இல் கொலிசியம் கஃபே வந்தது. சூடான இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் ஸ்டேக் அங்கே பெயர்பெற்றது. 1928இல் அதே நகரில் யுட் கீ காப்பிக்கடை வந்தது. இவை எல்லாம் ஹைனானியர் கடைகள். இன்றைய கிரில் உணவகத்தின் சீறும் தட்டுக்கு மூதாதை யார் என்று கேட்டால் இந்தக் கடைகளைத்தான் காட்ட வேண்டும்.

முதல் உந்துதல் லாப ஆசையால் வந்தது. அடுத்தடுத்த உந்துதல்கள் துன்பத்தால் வந்தன. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. துரைமார் வேலையிழந்தார்கள். அவர்கள் வீட்டுச் சமையற்காரர்களும் இழந்தார்கள். அந்த ஆண்டுகளில் தோட்டத் தமிழர்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதை இந்த இடத்தில் மறக்கக்கூடாது. பிறகு போர். 1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் கைக்குப் போனது. துரைமார் ஓடினார்கள், இல்லாவிட்டால் சிறைப்பட்டார்கள். போர் முடிந்து துரைமார் திரும்பிய மூன்றாம் ஆண்டில், 1948 ஜூன் 16 அன்று, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1957இல் நாடு விடுதலை பெற்றது. ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்களாக்கள் காலியாகின. அங்கே சமைத்தவர்கள் சேமிப்பைப் போட்டுக் கோப்பித்தியாம் என்ற காப்பிக்கடைகளைத் திறந்தார்கள். காலையில் காப்பியும் காயா தடவிய ரொட்டியும், மத்தியானத்தில் சாப்.

கடை என்று வந்தபோதுதான் கோழிக்கு முழு மதிப்பு வந்தது. துரைக்குச் சமைத்தபோது பன்றிச்சாப்பும் மாட்டிறைச்சியும் தடையில்லாமல் பரிமாறப்பட்டன. தெருக்கடைக்கு வருகிறவர் யாராகவும் இருக்கலாம். மலாய்க்காரர் பன்றியைத் தொடமாட்டார். இந்துக்களில் பலர் மாட்டைத் தொடமாட்டார்கள். ஆட்டிறைச்சி விலை அதிகம். எல்லா இனத்துக்கும் பொதுவாக ஒரே தட்டை வைக்க வேண்டுமானால் அதில் கோழிதான் இருக்க முடியும். பின்னாளில் மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும் தங்கள் கடைகளில் சிக்கன் சாப் போடத் தொடங்கியபோது, ஹைனானியர் கடைக்குள் நுழையத் தயங்கியவர்களுக்கும் அந்தத் தட்டு எட்டியது. மலேசியாவில் எல்லா இனத்தாரும் ஒரே பெயரில், ஒரே எதிர்பார்ப்போடு கேட்டு வாங்கும் உணவுகள் மிகச் சில. சிக்கன் சாப் அவற்றில் ஒன்று.

லயத்து அடுப்பு

இனி நம் பக்கத்துக்கு வருவோம். துரை மேசையில் தட்டு வைக்கப்பட்ட அதே காலத்தில், மேட்டுக்குக் கீழே லயத்தில் என்ன வெந்துகொண்டிருந்தது?

விடியுமுன் பிரட்டு. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் பால்வாளியும் உளியுமாக வெளிக்காட்டுக்குப் போக வேண்டும். கொசுக்கடியிலும் அட்டைக்கடியிலும் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, மங்கில் பாலிறங்கக் காத்திருந்து, சேர்த்து எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குச் சுமந்துவர வேண்டும். வீட்டுக்கு வந்தபின் சோறு, பருப்பு, கருவாடு, மரவள்ளிக்கிழங்கு. ஆடு வெட்டுவது தீபாவளிக்கும் தோட்டத்து முனியாண்டி பூசைக்கும். கோழி அடிப்பது விருந்தாளி வந்தால், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு என்றால். ஜப்பான்காரன் காலத்தில் அந்தச் சோறும் போய் மரவள்ளிக்கிழங்கே கதியென்று ஆனது.

நெருப்பில் சுட்டுத் தின்பது நமக்குப் புதிதில்லை. லயத்து அடுப்பில் எரிந்தது காய்ந்த கித்தா விறகு. சமையல் முடிந்ததும் தணலைக் கிளறி அதில் கருவாட்டைப் போட்டுச் சுட்டார்கள். தோலோடு மரவள்ளிக்கிழங்கைச் சாம்பலில் புதைத்தார்கள். வேட்டைக்குப் போனவர்கள் காட்டுப்பன்றியை மஞ்சளும் மிளகாயும் தடவி வாட்டினார்கள். இன்று ஒரு தட்டு 30 வெள்ளி, 40 வெள்ளி கொடுத்து நாம் ரசிக்கும் புகை மணம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த மணம்தான். அவர்களுக்குக் கிடைக்காமல் போனது நாற்காலியும் மேசையும்.

பங்களாவுக்குள் நம்மவர்கள் போகாமல் இல்லை. தோட்டக்காரராக, ஆயாவாக, தண்ணீர் சுமப்பவராக, துணி துவைப்பவராகப் போனார்கள். நுழைந்தது பின்வாசல் வழியாக. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற நிலை இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கூலி உயர்வோடு சேர்த்து, சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையும் இருந்தது. அதற்கு அரசு துப்பாக்கியால் பதில் சொன்னது. சைக்கிளில் அமர்ந்து போவதற்கே உயிர் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று கிரில் உணவகத்தின் மெத்தை நாற்காலியில் அமர்கிறார்கள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

துரைமார் போனபின் தோட்டங்களும் கைமாறின. பெரிய தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. லயத்தில் குடியிருந்தவர்கள் வேலையும் வீடும் சேர்ந்தே பறிபோவதைக் கண்டார்கள். சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டத் தொழிலாளரிடம் சிறு தொகைகளைச் சேர்த்து அவர்கள் பெயராலேயே தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். அது சிலரைக் காத்தது. எல்லாரையும் காக்க முடியவில்லை. ரப்பர் இருந்த இடத்துக்குச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. நகரம் பெருகி வந்த இடங்களில் மரமே போய் வீடமைப்புப் பகுதிகளும் கடைவீடுகளும் எழுந்தன. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள். தோட்டத்தைவிட்டு வந்த பலருக்குக் கத்தியும் முள்கரண்டியும் கையில் வந்த முதல் இடம் நகரத்துக் கோப்பித்தியாம். முதலில் கேட்டு வாங்கிய 'வெஸ்டர்ன்' தட்டு சிக்கன் சாப்.

கோழி மலிந்த காலம்

தாத்தா காலத்தில் விருந்தாளிக்கு அடித்த கோழி, பேரன் காலத்தில் அன்றாடச் சாப்பாடானது. 1960களிலிருந்து பிராய்லர் கோழிப் பண்ணைகள் பெருகின. மலேசியா தன் தேவைக்கான கோழியைத் தானே வளர்க்கும் நாடானது. 2022 ஜூன் முதல் நாள் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது சிங்கப்பூரின் கோழிச்சோற்றுக் கடைகள் தவித்த செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. இந்த வட்டாரத்து நாக்கு எவ்வளவு தூரம் கோழியை நம்பியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

1963இல் ஏ அண்ட் டபிள்யூ, 1973இல் கேஎஃப்சி என்று அமெரிக்கக் கடைகள் மலேசியாவுக்குள் வந்தன. கோல்ஸ்லாவையும் மெல்லிய உருளைக்கிழங்கு வறுவலையும் அவை எல்லாருக்கும் பழக்கப்படுத்தின. சிக்கன் சாப் அவற்றையும் தன் தட்டுக்குள் இழுத்துக்கொண்டது. பட்டாணியும் தடித்த கிழங்கும் பின்வாங்கின. வூஸ்டர் சாஸ் குழம்பின் இடத்தில் சரவாக் மிளகின் காரம் ஏறிய கறுமிளகுக் குழம்பு வந்தது. இரவுச் சந்தைகளிலும் ஒட்டுக்கடைகளிலும் இரும்புத் தட்டை அடுப்பில் காய்ச்சி 'வெஸ்டர்ன்' விற்றார்கள். எண்ணெயில் பொரித்தது ஒருபக்கம் இருக்க, கம்பி வலையில் வாட்டியது தனி வகையாகப் பட்டியலில் ஏறியது. இன்றைய கிரில் உணவகத்தின் சிக்கன் சாப் அந்த வழியில் வந்தது.

அந்தக் கரியும் பேராக்கின் கரிதான்

வாட்டுவதற்கு நல்ல தணல் வேண்டும். மலேசியாவிலேயே பேர்போன கரி, ஈப்போவுக்கு வடமேற்கே கடலோரத்தில் உள்ள கோல செப்பெத்தாங்கில் வேகிறது. மாத்தாங் அலையாத்திக் காட்டை 1906இலேயே காப்புக்காடாக அறிவித்துவிட்டார்கள். ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். தமிழ்நாட்டின் பிச்சாவரத்தைப் பார்த்தவர்கள் அதைப்போலப் பல மடங்கைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒரு பகுதியை முழுதாக வெட்டினால் மறுபடி அங்கே முழு வெட்டு விழுவது 30 ஆண்டுகள் கழித்து. இந்த ஒழுங்கு நூறாண்டுக்கு மேலாக நடப்பதால் காடும் நிற்கிறது, கரியும் கிடைக்கிறது.

1930 முதல் அங்கே கரிச்சூளைகள் இருக்கின்றன. செங்கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டிய, கவிழ்த்து வைத்த பானை போன்ற சூளைகள். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக அறுத்த பக்காவ் என்ற அலையாத்தி மரக் கட்டைகள் கடலேற்றத்தின்போது படகில் வருகின்றன. பட்டையை உரித்து, சூளைக்குள் நெட்டாக நிறுத்தி அடுக்குகிறார்கள். வாயிலில் மட்டும் தீ மூட்டுகிறார்கள். தீ கட்டையைத் தொடுவதில்லை, அனல்தான் தொடுகிறது. முதல் பத்து நாள் அளவில் மரத்தின் ஈரம் வெள்ளைப் புகையாக வெளியேறும். பிறகு வாயிலைக் குறுக்கி இன்னும் இரண்டு வாரம் வேகவைப்பார்கள். புகையின் சூட்டையும் மணத்தையும் கொண்டே உள்ளே என்ன நடக்கிறது என்பதை அனுபவசாலி அறிந்துகொள்வார். பதம் வந்ததும் எல்லாத் துளைகளையும் களிமண்ணால் அடைத்து ஒரு வாரம் ஆறவிடுவார்கள். 40 டன் பச்சை மரம் உள்ளே போனால் சுமார் 10 டன் கரி வெளியே வரும். கனமான கரி, நின்று எரியும், புகை குறைவு. ஜப்பானின் இறைச்சி வாட்டும் கடைகள்வரை அது போகிறது.

கோல செப்பெத்தாங்கின் பழைய பெயர் போர்ட் வெல்டு. மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் ஓடியது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தூரமுள்ள அந்தப் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படைத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டார்கள். தண்டவாளம் எப்போதோ போய்விட்டது. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் ஊர் நடுவே நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம் மூன்றோடு தமிழிலும் அதில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறது. தணலுக்குக் கரி வரும் ஊரின் வாசலிலும் நம் எழுத்து இருக்கிறது.

யாருடைய தட்டு?

ஒரு சிக்கன் சாப்பைப் பிரித்துப் பார்த்தால் இவ்வளவும் இருக்கிறது. ஆங்கிலேயரின் பசி, ஹைனானியரின் கை, சீனத்துச் சோயா, புளி கலந்த இங்கிலாந்துக் குப்பி, சரவாக்கின் மிளகு, மாத்தாங்கின் கரி, அமெரிக்கக் கடையின் கோல்ஸ்லா. அத்தனைக்கும் அடியில், இந்த நாட்டில் நகரம் எழவும் மேசை போடவும் பணம் தந்த தோட்டத்து உழைப்பு. எந்த ஒரு கூட்டமும் இதைத் தனக்கு மட்டும் சொந்தம் என்று சொல்ல முடியாது. அதுவே இதன் மதிப்பு. 'வெஸ்டர்ன்' என்ற பலகைக்குக் கீழே விற்றாலும் இது மலேசிய உணவு, பேராக் தயங்காமல் உரிமை கொண்டாட வேண்டிய உணவு.

புதிய கிரில் உணவகங்கள் வளரட்டும். நம் பிள்ளைகள் அங்கே நல்ல துணி உடுத்திப் போகட்டும், கத்தியும் முள்கரண்டியும் பிடித்துப் பெருமையாகச் சாப்பிடட்டும். கூடவே பழைய ஹைனானியர் கடைகளுக்கும் அவர்களை அழைத்துப் போங்கள். அடுத்த தலைமுறை அந்தச் சமையற்கட்டில் நிற்க முன்வராததால் அவை ஒவ்வொன்றாகக் கதவடைக்கின்றன. கடை மூடினால் கைப்பக்குவமும் அதோடு போய்விடும்.

இன்னொரு வேலையும் நமக்கு இருக்கிறது. துரைமார் நினைவுக்குறிப்பு எழுதினார்கள். ஹைனான் சமையற்காரர்களின் பெயர்கள் கடைப்பலகைகளிலாவது மிஞ்சின. பங்களாக்களில் வேலை செய்த தமிழ் ஆயாக்களும் தோட்டக்காரர்களும் கண்டதையும் உண்டதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இன்னும் இருந்தால், அந்தச் சமையற்கட்டில் என்ன வெந்தது, மிச்சம் யாருக்குப் போனது, லயத்தில் என்ன சமைத்தார்கள் என்று இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை அவர் பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் எழுதி வையுங்கள்.